சொந்தக்காரர் இல்லாத ஊர்

அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் மகேஸ்வரனை மகேஸ் அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவருக்குத் தெரியாத தமிழர் ரொறன்ரோவில் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஒரே சனிக்கிழமையில் காலை ஒரு செத்தவீடு, மத்தியானம் பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்தியவீடு, பின்னேரம் ஒரு கலியாண வரவேற்பு என்று அந்த மூன்றுக்கும் போய், மூன்றிலும் கடைசி ஆளாக எழும்பி வருகிற மனிதர். வெள்ளிக்கிழமைகளில் றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் போவார். போவது பிள்ளையாரைப் பார்க்கவா, கார் நிறுத்துகிற இடத்தில் ஆட்களைப் பார்க்கவா என்று ஒருநாள் கேட்டேன். "ரெண்டும்தான் பிள்ளை. ஆனால் பிள்ளையார் எங்கையும் ஓடமாட்டார், சனம் வெளிக்கிட்டிடும்" என்றார்.

விமான நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை செய்தவர். ஒரு பெட்டியைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இருபத்திரண்டு தசம் எட்டு கிலோ" என்பார். தராசில் வைத்தால் அப்படியே இருக்கும். இந்தத் தெருவில் வெளிநாடு போகிற எவரும் பெட்டி கட்டி முடித்ததும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். அவர் போகும்போது கதை வேறு. ஊரே பார்சலோடு அவர் வாசலுக்கு வரும். "அண்ணை, உங்கட பெட்டியிலை ஒரு சின்ன இடம் இருக்கோ?" என்று கேட்டவருக்கு அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. தன்னுடைய காற்சட்டை இரண்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களின் முறுக்கை உள்ளே வைப்பார்.

அவருடைய மனைவி சந்திரவதனா, எனக்குச் சந்திரா அக்கா. நாங்கள் இருவரும் ஒரே மருந்துக்கடையில் இருபது வருடமாக வேலை செய்கிறோம். அக்கா உலகம் சுற்றிய பெண் என்று சொன்னால் பொய்யில்லை. லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, சிட்னி எல்லாம் போயிருக்கிறார். எல்லா ஊரிலும் அவருக்கு நன்றாகத் தெரிந்த இடம் ஒன்றுதான், அங்கேயுள்ள சொந்தக்காரரின் குசினி. லண்டனில் அண்ணையின் தங்கச்சி அரிசிப் பானையை எந்தத் தட்டில் வைப்பார், சூரிச்சில் மச்சாள் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றெல்லாம் அக்காவைக் கேட்கலாம். ஈபிள் கோபுரத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறார், மூன்றும் கார்க் கண்ணாடி வழியாக. மூன்றாவது தடவை மடியில் ஒரு சட்டி நிறைய ஆட்டிறைச்சிக் கறி இருந்தது. அதைச் சரியாமல் பிடித்துக்கொண்டு பார்த்ததில் கோபுரத்தின் கால் மட்டும்தான் தெரிந்ததாம்.

இந்த மே மாதம் அக்காவுக்கு அறுபது வயது. பிள்ளைகள் இருவர். அஜக்ஸில் வீடு வாங்கிப்போன துஷாந்த், நகரத்துக்குள் ஒரு அடுக்குமாடியில் இருக்கும் சுபாங்கி. மண்டபம் எடுத்து முந்நூறு பேருக்குச் சொல்லுவோம் என்று பிள்ளைகள் சொல்ல, அண்ணை அன்றைக்கே பெயர்ப்பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார். பட்டியல் நானூற்றுப் பத்தில் நின்றபோது அக்கா பேனையை வாங்கி வைத்தார்.

"எனக்கு மண்டபம் வேண்டாம். எங்களுக்கு ஒரு சொந்தக்காரரும் இல்லாத ஊருக்குப் பத்து நாள் போவம். நீங்களும் நானும் மட்டும்."

"அங்கை போய் என்ன செய்யிறது?" என்று அண்ணை உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

"சுத்திப் பாப்பம். கடையிலை சாப்பிடுவம். கதைப்பம்."

"கதைக்கிறதெண்டால் இஞ்சை வீட்டிலை கதைக்கலாமே?"

"எப்ப?" என்று அக்கா கேட்டார்.

அடுத்த நாள் மருந்துக்கடையில் மத்தியானச் சாப்பாட்டின்போது அக்கா என்னிடம் மனதைத் திறந்து சொன்னார். அண்ணைக்கு மாசி மாதத்தோடு ஓய்வு. பிள்ளைகளும் இல்லை. இனிமேல் அந்த வீட்டில் இரண்டு பேர்தான். "முப்பத்து மூண்டு வருசமாய் எங்களுக்கு நடுவிலை எப்பவும் ஆரோ ஒரு ஆள் இருந்தவை. ஒருத்தரும் இல்லாட்டில் எங்களுக்குக் கதைக்க ஏதும் இருக்குதோ எண்டு எனக்குத் தெரியேல்லை பிள்ளை. எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். அந்தப் பயணம் எதற்கென்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் நான் செய்ததைச் செய்தேன். அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

சுபாங்கி உலகப் படத்தை வைத்துத் தேடி, ஜப்பானில் ஒசாகா என்று முடிவு செய்தாள். சொந்தம் யாரும் இல்லை, சாப்பாட்டுக்குப் பெயர் போன ஊர். அண்ணையும் சத்தியம் செய்தார். ஒருவர் வீட்டுக்கும் போகமாட்டேன், ஒருவருக்கும் பார்சல் கொண்டுபோகமாட்டேன் என்று. சத்தியம் செய்து நாலாம் நாள் என் வீட்டுக்காரர் இக்னேசியஸ் அண்ணையின் வேலியடியில் நின்று அவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். இக்னேசியஸின் ஒன்றுவிட்ட அண்ணனின் மகன் டெனிஸ்டன், இயந்திர நிறுவனம் ஒன்றில் பொறியியலாளர், மனைவி துஷானியோடு ஒசாகாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறானாம். அங்கே நல்ல கறித்தூள் கிடைக்கிறதில்லையாம். "அண்ணை, ஒரு சின்ன இடம்..."

அண்ணை ஒருமுறை எங்கள் வீட்டையும் ஒருமுறை தன் வீட்டையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சந்திராவுக்குத் தெரியக்கூடாது" என்றார். தெரியாத ஊரில் ஒரு அவசரம் என்றால் கூப்பிட ஒரு தமிழ் ஆள் வேண்டும் என்று தனக்குத் தானே நியாயமும் சொல்லிக்கொண்டார். இரண்டு கிலோ கறித்தூளை வறுத்து இடித்தது நான். கூடவே கூழ் காய்ச்ச, காயவைத்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா ஒரு பை. மூன்று பைகளுக்குள் போட்டு, ஒட்டுநாடா சுற்றி, அந்த வேலிக்கு மேலால் கொடுத்தேன். என் தூளின் வாசம் மூன்று பையில் அடங்கும் என்று நினைத்தது என் மடத்தனம்.

ஒசாகா ஹொட்டேல் அறையில் அக்கா பெட்டியைத் திறந்தபோது அவருடைய புதுச் சட்டை, இரவுச் சட்டை, துவாய் எல்லாம் கறித்தூளாக மணந்தன. அக்கா பார்சலைக் கண்டார். தொடவில்லை. கேட்கவும் இல்லை. "கேட்டால் ஒரு காரணம் சொல்லுவார், நானும் சரியெண்டுவன், பிறகு வழமைபோலை ஆற்றையோ குசினியிலை நிப்பன். பேசாமல் இருந்து அவர் என்ன செய்யிறார் எண்டு பாப்பம் எண்டு நினைச்சன்" என்று பின்னர் எனக்குச் சொன்னார். அண்ணையோ அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பிக்கொண்டு, தன் பனிக்கால மேலங்கியால் பார்சலை மூடி வைத்தார். மே மாதத்தில் எதற்கு அந்த மேலங்கி என்று அக்கா கேட்கவில்லை என்பதைக்கூட அந்த மனிதர் யோசிக்கவில்லை.

முதல் இரண்டு நாளும் மோசம். ஒசாகாவில் ஒருவரையும் தெரியாததால் மகேஸ் அண்ணை தண்ணீரை விட்டு வெளியே எடுத்த மீன் மாதிரி ஆகிவிட்டார். தொத்தொன்போரி என்ற வாய்க்கால் கரையில், ஒரு பெரிய நண்டு பொம்மை கால்களை ஆட்டிக்கொண்டிருக்கும் கடைக்கு முன்னால், கறுத்த நிறமாய் ஒருவரைக் கண்டு "தம்பி தமிழோ?" என்று ஓடினார். அவர் நேபாளத்துக்காரர். அப்படியும் அண்ணை விடாமல் அவரோடு பத்து நிமிடம் ஆங்கிலத்தில் கதைத்து, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதுவரை அறிந்துகொண்டுதான் வந்தார். ரயிலில் ஒருவரும் ரெலிபோனில் கதைக்காத நாட்டில், துஷாந்துக்கு அழைத்து அங்கே மழையா வெயிலா என்று உரத்துக் கேட்டார். அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். அக்கா பக்கத்து இருக்கைக்கு மாறி, யாரோ ஒரு ஜப்பானியப் பெண்ணோடு வந்தவர்போல் இருந்தார்.

சாப்பாட்டுக் கடைகளில் பிரச்சினை வேறு மாதிரி. சுவரைப் பார்த்துக்கொண்டு வரிசையாய் இருந்து நூடில்ஸ் உறிஞ்சுகிற கடை. அக்கம்பக்கத்தில் உறிஞ்சும் சத்தம் மட்டும். அண்ணை அஜக்ஸில் யார் வீடு விற்றார்கள் என்ற கதை சொன்னார். யாருடைய மருமகளுக்கு யாரைப் பிடிக்காது என்ற கதை சொன்னார். இரண்டாம் நாள் மத்தியானத்தோடு ஊர்க்கதை முழுக்க முடிந்துவிட்டது. பிறகு இருவரும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். "நான் பயந்தது சரியாப் போச்சு எண்டு நினைச்சன்" என்றார் அக்கா.

மூன்றாம் நாள் ஒரு பொரியல் கடை கொஞ்சம் உதவி செய்தது. இறைச்சி, இறால், கத்தரிக்காய் எல்லாவற்றையும் குச்சியில் குத்திப் பொரித்துத் தருவார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழம்புப் பாத்திரம். ஒருமுறைதான் தோய்க்கலாம், கடித்ததைத் திரும்பத் தோய்க்கக்கூடாது என்று நாலு மொழியில் எழுதி, படமும் போட்டு வைத்திருந்தார்கள். அண்ணை கடித்துவிட்டுத் தோய்த்தார். கடைக்காரம்மா ஓடிவந்து இரண்டு கைகளாலும் குறுக்கே பெருக்கல் அடையாளம் காட்டினார். அண்ணை எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். கடைக்காரம்மா குனிந்தார். அண்ணை அதைவிடக் குனிந்தார். அவர் இன்னும் குனிந்தார். யாரும் நிறுத்துவதாய் இல்லை. அக்கா வாயில் இருந்த இறாலோடு சிரிக்கத் தொடங்கி, கண்ணீர் வருமட்டும் சிரித்தார். அண்ணைக்கு முதலில் கோபம். பிறகு அவரும் சிரித்தார். அன்று அறைக்கு நடந்து திரும்பும் வழி முழுக்க இருவரும் குனிந்து குனிந்து காட்டிக்கொண்டு வந்தார்களாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணைக்குச் சைவம். மரக்கறி என்று சொல்லிக் கொண்டுவந்த சூப்பிலும் மீன் மணத்தது. கடைசியில் ஒரு வாழைப்பழமும் சுட்ட வத்தாளங்கிழங்குமாக அன்றைய நாள் ஓடியது. கோயில் இல்லாமல் வெள்ளி கழிகிறதே என்று அண்ணை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்க, சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய சந்துக்குள் ஒரு சிலை. உடம்பு முழுக்கப் பச்சைப் பாசி. வருகிற சனமெல்லாம் அகப்பையால் தண்ணீர் அள்ளி அதன்மேல் ஊற்றிக் கும்பிடுகிறார்கள். அண்ணைக்கு உயிர் வந்தது. சப்பாத்தைக் கழற்றப் போனவரை அக்கா தடுத்தார். ஐயர் இல்லை, அர்ச்சனைச் சீட்டு இல்லை, வரிசையில் முந்துகிற ஆள் இல்லை. அக்கா முதல் ஊற்றினார், அண்ணை அடுத்து ஊற்றினார்.

"நேரை நாங்களே அபிஷேகம் செய்யலாம்" என்று அண்ணை வியந்துபோய்ச் சொன்னார். "ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை."

"என்ன கேட்டனீங்கள்?"

"பிள்ளையளுக்குச் சுகம். நீர்?"

"சொல்லமாட்டன்" என்றார் அக்கா. என்ன கேட்டார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை ஆற்றங்கரையில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து சூடான மாவுருண்டை சாப்பிட்டார்கள். உள்ளே எட்டுக்கால் கணவாய்த் துண்டு இருக்கும் உருண்டை. முதல் உருண்டையிலேயே அண்ணையின் நாக்கு வெந்துவிட்டது. வாயைத் திறந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தவர், ஆற்றுக்கு மேலால் பறந்த ஒரு விமானத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு கதை சொன்னார்.

"கே, ஐ, எக்ஸ். உதுதான் இந்த ஊர் விமான நிலையத்தின்ரை எழுத்து. எத்தினை பெட்டியிலை பாத்திருக்கிறன் தெரியுமோ? வேலையிலை ஒவ்வொரு பெட்டியிலையும் ஒட்டியிருக்கிற மூண்டு எழுத்தையும் பாத்துப் பாத்து, சாப்பாட்டு நேரத்திலை பழைய வரைபடப் புத்தகம் ஒண்டிலை தேடுவன். லீமா, காத்மண்டு, றேக்ஜாவிக். எந்தப் பெட்டி எங்கை போகுது, அங்கை ஆர் வந்து எடுப்பினம் எண்டு யோசிச்சுக்கொண்டிருப்பன். அப்பிடித்தான் அந்த வேலையிலை இருபத்தெட்டு வருசம் நிண்டனான்."

அக்கா கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்தார். "இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீர் கேக்கேல்லையே. வீட்டை வந்தால் ஆரேன் இருப்பினம். தேத்தண்ணி, கதை... பிறகு மறந்துபோம்."

அன்று இருட்டும்வரை அந்த வாங்கில் இருந்தார்கள். ஒவ்வொரு ஊராக அண்ணை சொல்ல, அக்கா கேட்டார். முப்பத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்த ஆளைப் புதிதாய்ச் சந்தித்தது போல இருந்தது என்று அக்கா சொன்னபோது மருந்துக்கடையில் என் சோறு ஆறிப்போயிருந்தது.

அறைக்குத் திரும்பியதும் டெனிஸ்டன் அழைத்தான். அக்கா குளியலறையில் இருந்தார், அண்ணை பால்கனிக்குப் போய்க் கதைத்தார்.

"அங்கிள், நாளைக்கு மத்தியானம் எங்கட வீட்டைதான். இன்னும் ரெண்டு தமிழ்க் குடும்பத்துக்கும் சொல்லிப்போட்டன். அன்ரி நல்ல கூழ் காய்ச்சுவா எண்டு இக்னேசியஸ் சித்தப்பா சொன்னவர். நண்டு, இறால், கணவாய் எல்லாம் வாங்கி வைச்சாச்சு. அன்ரி ஒடியல் மாவோடை வந்தாக் காணும்."

அண்ணைக்கு அப்போதுதான் விளங்கியது. ஒசாகாவிலும் ஒரு குசினி தயாராகிவிட்டது. அதற்குள் அக்காவைக் கொண்டுபோய் விடுகிற ஆளும் தானேதான். அந்த ஆற்றங்கரை வாங்கை நினைத்ததாகவும், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாப்பாட்டு அழைப்பு தனக்கு இனிக்கவில்லை என்றும் என்னிடம் சொன்னார். ஆனால் இல்லை என்று சொல்லிப் பழகாத வாய். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தடுமாறி, "தம்பி, அன்ரிக்குக் கொஞ்சம் காய்ச்சல்" என்றார்.

எங்கள் சனத்திடம் தப்ப வேண்டுமென்றால் வேலை என்று சொல்லலாம், ரயில் தவறிவிட்டது என்று சொல்லலாம், வீட்டில் சண்டை என்றுகூடச் சொல்லலாம். காய்ச்சல் என்று மட்டும் சொல்லக்கூடாது. சாப்பிடக் கூப்பிட்டு வராவிட்டால் மன்னிப்பார்கள், வருத்தக்காரரைப் போய்ப் பார்க்காமல் விடமாட்டார்கள். நாற்பது வருடம் தோடம்பழப் பையோடு ஊரிலுள்ள எல்லா வருத்தக்காரரையும் பார்க்கப்போன மகேஸ் அண்ணைக்கு இது தெரியாததல்ல. பதற்றத்தில் மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நடந்துவிட்டு வாறன் என்று சொல்லிக்கொண்டு, மேலங்கிக்குள் பார்சலை மறைத்தபடி அண்ணை ரயில் நிலையத்துக்குப் போனார். வெயில் கொளுத்துகிறது. அக்கா ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். மேலங்கி போட்ட ஒரே மனிதர் தெருவைக் கடந்து போவதைக் கண்டதும், இனிப் போய் அந்தப் பார்சலுக்குரியவர்களைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறார் என்று நினைத்துக் கட்டிலில் இருந்துவிட்டார். அண்ணை நாற்பது நிமிடத்தில் தனியே வந்தார். ரிக்கெற் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் நின்ற டெனிஸ்டனிடம் பார்சலைக் கொடுத்துவிட்டு, ஒரு கோப்பிகூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறார். மேலங்கி கையில் தொங்கியது, பார்சல் இல்லை. அக்கா அதைப் பார்த்தார். "பின்னேரம் எங்கை சாப்பிடுவம்?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமைதான் பிறந்தநாள். எட்டுப் பேர் மட்டும் இருக்கக்கூடிய ஒரு சின்னக் கடையில், ஏழு மணிக்கு இரண்டு இடம், மூன்று மாதத்துக்கு முன்பே சுபாங்கி பதிந்து வைத்திருந்தாள். "அப்பா, ப்ளீஸ், லேட்டாப் போகாதேங்கோ" என்று மூன்று தடவை எழுதியிருந்தாள். அக்கா கத்தரிப்பூ நிறத்தில் புதுச் சட்டை போட்டு, தோடு மாற்றி, உதட்டுக்கு நிறமும் பூசினார். ஆறேகாலுக்கு வரவேற்பிலிருந்து அழைப்பு வந்தது. உங்களைப் பார்க்க இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், கையில் சாப்பாட்டுப் பாத்திரங்கள் இருக்கின்றன என்றார்கள்.

அண்ணை கட்டிலில் தொப்பென்று இருந்தார். "சந்திரா, நான் ஒரு பிழை விட்டிட்டன்."

"கறித்தூள்தானே? பெட்டி திறந்த அண்டைக்கே தெரியும். என்ரை சட்டை இப்பவும் மணக்குது, மணந்து பாருங்கோ."

"அதில்லை. அவை சாப்பிடக் கூப்பிட்டவை. நீர் போய்க் கூழ் காய்ச்ச வேணுமாம். நான் ஏலாதெண்டு சொல்லிப்போட்டன்."

அக்கா திரும்பிப் பார்த்தார். "நீங்கள் ஏலாதெண்டு சொன்னனீங்களோ?"

"நேரை இல்லை. உமக்குக் காய்ச்சல் எண்டு சொன்னனான்."

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்ததாம். நானூற்றுப் பத்துப் பேரைப் பட்டியல் போட்ட மனிதர், தனக்காக ஒரு வீட்டு வாசலை மிதிக்காமல் வந்திருக்கிறார். அதுவும் பொய் சொல்லி, அதுவும் இவ்வளவு மோசமாகச் சொல்லி. "அந்த நேரம் அவரை எனக்கு அப்பிடிப் பிடிச்சுது பிள்ளை" என்று சொல்லும்போது அறுபது வயது அக்காவின் முகம் சிவந்தது.

ஆனால் கீழே ஆட்கள் நிற்கிறார்கள், மணி ஆறு இருபது. அக்கா தோட்டைக் கழற்றினார். உதட்டைத் துடைத்தார். புதுச் சட்டைக்கு மேலே அண்ணையின் அந்தப் பனிக்கால மேலங்கியைப் போட்டுக் கழுத்துவரை பூட்டினார். இருபது வருடம் மருந்துக்கடையில் நின்று எத்தனை காய்ச்சற்காரரைப் பார்த்தவர். எப்படி நடப்பார்கள், எந்த இடத்தில் சுவரைப் பிடிப்பார்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அண்ணைதான் பயத்தில் உண்மையான வருத்தக்காரர்போல் வியர்த்தார்.

டெனிஸ்டனும் துஷானியும் நல்ல பிள்ளைகள். துஷானி அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மேலங்கிக்குள் வெந்துகொண்டிருந்தவரின் சூட்டைக் கண்டு பதறிப்போனாள். இடியப்பம், சொதி, ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல் நிறையக் கொத்தமல்லி அவித்த தண்ணீர். எல்லாவற்றையும் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் விரித்து வைத்து ஊட்டாத குறையாகக் கொடுத்தாள்.

"அன்ரி, வீட்டை வாங்கோ. நாங்கள் பாப்பம்."

"வேண்டாம் பிள்ளை, உங்களுக்கும் தொத்திப்போம்."

"அப்ப நான் இண்டைக்கு இஞ்சை அன்ரிக்குப் பக்கத்திலை படுக்கிறன்."

அண்ணைக்கு இருமல் வந்தது. அக்கா துஷானியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அங்கிள் இருக்கிறார் மகள். அவர் பாப்பார். அவர் இப்ப நல்லாப் பாக்கிறார்" என்றார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர்கள் ஏழு பத்துக்கு மனமில்லாமல் எழும்பினார்கள். வாசல் கதவு மூடியதும் அக்கா மேலங்கியைக் கழற்றி அண்ணையின் கையில் திணித்துவிட்டு ஓடினார். அறுபது வயதுக்காரியும் அறுபத்துநாலு வயதுக்காரரும் ரயிலடிப் பக்கம் போகாமல், டெனிஸ்டன் கண்டுவிடுவான் என்று பின்தெருவால் ஓடி, இருபத்தைந்து நிமிடம் பிந்திக் கடைக்குள் நுழைந்தார்கள். சமையற்காரர் முகம் கோணியது. அண்ணைக்கு இப்போது என்ன செய்யவேண்டும் என்று தெரியும். இடுப்பு முறியுமட்டும் குனிந்தார். வயிறு முட்ட இடியப்பம் இருந்தும், வைத்த பதினொரு தட்டையும் ஒன்று விடாமல் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு தட்டுக்கும், அண்ணை ஏற்றிய பெட்டி போன ஒரு ஊரின் கதை.

இதற்குள் டெனிஸ்டன் இக்னேசியஸுக்கு அழைத்துவிட்டான். "சித்தப்பா, அன்ரிக்கு மேல் நெருப்பாக் கொதிக்குது" என்று. இக்னேசியஸ் அதைத் தேவாலயப் பாடகர் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கிருந்து அது றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு எப்படிப் போனது என்று தெரியாது, போய்விட்டது. ஜப்பானில் புதிதாய் ஏதோ காய்ச்சலாம், சந்திராவுக்குத்தான் முதலில் வந்ததாம் என்ற அளவில் எனக்கே அது திரும்பி வந்தது. பிள்ளைகள் இருவருக்கும் மட்டும் உண்மை தெரியும். அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை வந்து இறங்கினார்கள். வெள்ளி பின்னேரம் அந்த வீட்டுக்கு முன்னால் பதினாலு கார் நின்றது. நான் கஞ்சிப் பானையோடு போனபோது, வாசற்படியில் மகேஸ் அண்ணை கதவை அரைவாசி திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தோடம்பழப் பைகள் குவிந்து கிடந்தன. வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில். "அவ படுத்திருக்கிறா. பிறகு வாங்கோ." ஆட்களை உள்ளே கூப்பிடாத மகேஸ் அண்ணையை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். சனம் அக்காவுக்கு மெத்தக் கடுமை என்று முடிவுகட்டி, மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டு கலைந்தது.

கடைசி ஆள் நான். என் கண்ணில் நீர் நின்றது. என் தூள்தானே அவர்களை டெனிஸ்டன் வீட்டுக்கு இழுத்தது, அங்கே அக்கா ஏதோ காய்ச்சலைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்தேன். "அண்ணை, அக்காவின்ரை முகத்தை ஒருக்காக் காட்டுங்கோ, நான் பாத்திட்டுப் போறன்" என்றேன். அவர் பானையை வாங்கிக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

அப்போது மேல்மாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. நல்ல தெளிவான, சிரிப்பை அடக்கிய குரல்.

"எல்லாரும் போட்டினமோ? கெதியா மேலை வாங்கோ. அந்த லீமாப் பெட்டிக்குப் பிறகு என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். "காய்ச்சல் இன்னும் மாறேல்லைப் பிள்ளை" என்று சொல்லி, மிக மரியாதையாய்க் குனிந்து, என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். படியில் அவர் இரண்டிரண்டாய் ஏறும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்தேன். இக்னேசியஸ் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, "அவவுக்கு எப்பிடி?" என்று கேட்டார். நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அவர் திடுக்கிட்டுப் போனார். என்ன கதைப்பது என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. சந்திரா அக்கா சொன்ன அந்தப் பயம் எனக்கு அப்போதுதான் உடம்பில் விளங்கியது.

"இஞ்சருங்கோ, எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊர் எது?" என்று கேட்டேன்.

அவர் விரலை மடக்கத் தொடங்கினார். இரண்டு கிழமை ஆகிறது. இன்னும் ஒரு ஊரும் கிடைக்கவில்லையாம். ஆனால் இப்போதெல்லாம் பின்னேரத்தில் வரைபடப் புத்தகத்தைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில்தான் இருந்து தேடுகிறார்.